பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பது எப்படி? கடலூர் மைதானத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மாலை ஐந்தரை மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் நின்றால் இப்படி ஒரு காட்சி கண்ணில் படும். ஒரு கோல். அதற்கு எதிரே இருபது பிள்ளைகள் ஒரே வரிசையில். முன்னால் நிற்கும் பிள்ளை ஓடிப்போய் ஒரு ஷாட் அடிக்கும். பந்து எங்கேயோ போகும். அதை எடுத்துவந்து கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும். ஒருவருக்கு 15 வினாடி என்று வைத்தாலும், தன் முறை திரும்பி வர 5 நிமிடம் ஆகும். அரை மணி நேரத்தில் ஆறு ஷாட். மீதி நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் சட்டையைப் பிடித்து இழுப்பதிலும் மண்ணைக் காலால் கிளறுவதிலும் போய்விடும்.

அதே நேரத்தில் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையில் ஆறு பேர் நான்கு செருப்பை கோலாக நட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் நிமிடத்துக்குப் பலமுறை பந்தைத் தொடும். ஒவ்வொரு தடவையும் அடிப்பதா, கொடுப்பதா, வெட்டித் திரும்புவதா என்று தானே முடிவெடுக்கும்.

கற்றுக்கொள்வது எங்கே நடக்கிறது என்று கேட்டால் நான் கடற்கரையைத்தான் காட்டுவேன். அதற்காகப் பயிற்சியாளர் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. செருப்பு கோல் ஆட்டத்தில் பலசாலிப் பையன் பந்தை விடமாட்டான்; சின்னவன் கோல்கீப்பராகவே நிற்பான்; இடது கால் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அந்த ஆட்டத்தின் உயிரைக் கெடுக்காமல், இந்தக் குறைகளைச் சரிசெய்து கொடுப்பதுதான் நம் வேலை. பெற்றோரோ, பள்ளி உடற்கல்வி ஆசிரியரோ, தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைக்கும் அண்ணனோ, அக்காவோ, யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம்.

முதல் படி: பந்து, இடம், நேரம்

பந்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான தப்பு இங்கேதான். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடை. அதை ஏழு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் கால் வலிக்கும். வலித்தால் விரல் நுனியால் குத்தி அடிக்கப் பழகும், அந்தப் பழக்கம் போக வருடக்கணக்காகும். 8 வயதுக்குள் 3-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 12 வயது வரை 4-ஆம் எண், அப்புறம்தான் 5. 4-ஆம் எண் பந்து 350 முதல் 390 கிராம் இருக்கும். கல் போலக் காற்றடிக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும்.

எத்தனை பந்து வேண்டும்? ஆளுக்கொன்று இருந்தால் நல்லது, இரண்டு பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். பணம் திரட்டினால் ஜெர்சிக்குப் பதிலாக முதலில் பந்து வாங்குங்கள். பழைய பந்து வைத்திருக்கும் பிள்ளைகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், ரப்பர் பந்தானாலும் பரவாயில்லை. கோன் (எல்லை குறிக்க வைக்கும் கூம்பு) இல்லாவிட்டால் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும். செங்கல் மட்டும் வேண்டாம், பிள்ளை ஓடிவந்து தடுக்கி அதன் மேலேயே விழும்.

பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் இடத்தைக் காலால் நடந்து பாருங்கள். நம் ஊர் மைதானங்களில் நெருஞ்சி முள் கிடக்கும். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு வருவார்கள். உடைந்த பாட்டில் துண்டும் இருக்கும். ஒரு பழைய சாக்குப் பையை எடுத்துப்போய்ப் பொறுக்கிவிடுங்கள். இதைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லாதீர்கள், கை கிழியும்.

கடற்கரையில் ஆடுவதாக இருந்தால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த மணலில் பந்து உருளாது. அங்கே தரைப் பாஸ் பயிற்சி வைத்தால் பிள்ளைக்கும் எரிச்சல், உங்களுக்கும் எரிச்சல். அலை வந்து போன கெட்டி மணலில் சின்ன ஆட்டங்கள் நன்றாக வரும். காய்ந்த மணலில் பந்தைத் தூக்கி ஏந்துவது, பாய்ந்து பிடிப்பது, விழுந்து எழுவது எல்லாம் பழகலாம். ஆனால் வெள்ளி கடற்கரையில் ஆடும்போது முதல் நாளே ஒரு விதி போட்டுவிடுங்கள். பந்து தண்ணீருக்குள் போனால் எந்தப் பிள்ளையும் பின்னால் போகக்கூடாது. போன பந்து போகட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை, நன்றாக நீந்தும் என்பதற்காகவும் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். ஒருவன் இறங்கினால் நீந்தத் தெரியாத நாலு பேர் பின்னாலேயே இறங்குவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் முடித்துவிடுவது நல்லது. மாலையில் என்றால் கடல்காற்று நன்றாக வீசத் தொடங்கிய பிறகு, ஐந்து மணிக்கு மேல். ஐப்பசி கார்த்திகையில் மழைக்காக நிறுத்த வேண்டியதில்லை, மழையில் ஆடுவதைப் பிள்ளைகள் கொண்டாடுவார்கள். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் ஆட்டத்தை அந்த நொடியே நிறுத்திக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப வெளியே வரலாம். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

இரண்டாம் படி: எதிரில் நிற்பது எந்த வயது என்று பாருங்கள்

ஆறு, ஏழு வயதில் பந்து எங்கே போனாலும் பத்துப் பேரும் அங்கேயே மொய்ப்பார்கள். வெல்லக்கட்டியை எறும்பு மொய்த்தது போல இருக்கும். "பிரிஞ்சு நில்லுங்கடா" என்று கத்துவதில் பயனில்லை. அந்த வயதில் பந்துதான் ஆட்டம். யாரும் இல்லாத காலி இடம் என்ற எண்ணமே இன்னும் முளைத்திருக்காது. கூட்டத்தைக் குறையுங்கள். மூன்றுக்கு மூன்று ஆடினால் மொய்க்கவே ஆள் இருக்காது.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள வயது அருமையானது. காட்டியதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து யோசிக்கவும் வரும். பதின்மூன்றுக்கு மேல் உடம்பு வேகமாக வளரும். நேற்று வரை அழகாகப் பந்தை எடுத்துப்போன பையனுக்கு இன்று தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழேயும் வலிக்கிறது என்பான். சாக்குப்போக்கு என்று நினைக்காதீர்கள். எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். குறையாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளின் பிறந்த மாதத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வயதுப் பிரிவுகளை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறோம். பத்து வயதுக்குட்பட்டோர் அணியில் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம். ஒன்பது வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த வாழ்க்கையில் ஒன்பதில் ஒரு பங்கு! பெரியவன் வேகமாக ஓடுகிறான், பலமாக உதைக்கிறான், அவனை நாம் திறமைசாலி என்று தேர்ந்தெடுக்கிறோம். திறமைசாலிக்கு அதிக ஆட்டம் கிடைக்கும். அதிக ஆட்டம் ஆடியவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுவான். டிசம்பர் பிள்ளை வீட்டுக்குப் போய்விடும். உலகம் முழுக்க இளையோர் அணிகளில், வயதுக் கணக்கு தொடங்கும் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பது இதனால்தான். நானும் ஒரு காலத்தில் உயரத்தைப் பார்த்து அணி பிரித்தவன். அப்போது வெளியே உட்கார்ந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

மூன்றாம் படி: ஒரு நாள் பயிற்சியை அமைப்பது

75 நிமிடம் போதும். சின்னவர்களுக்கு ஒரு மணி நேரம். அமைப்பு சுலபமானதுதான். வந்ததும் ஆட்டம், உடம்பைச் சூடாக்குவது, ஒரு சிக்கலை உள்ளே வைத்த ஆட்டம், திரும்பவும் சாதாரண ஆட்டம்.

வந்ததும் ஆட்டம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். ஒருவன் டியூஷன் முடித்து வருவான், ஒருத்தி தம்பியை வீட்டில் விட்டுவிட்டு வருவாள். எல்லோரும் வரட்டும் என்று உட்கார வைத்தால் முதலில் வந்தவனுக்குத் தண்டனை கொடுத்தது போல ஆகும். இரண்டு பேர் வந்ததும் ஒன்றுக்கு ஒன்று, நாலு பேர் ஆனதும் இரண்டுக்கு இரண்டு என்று ஆட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். சீக்கிரம் வந்தால் அதிகம் ஆடலாம் என்று தெரிந்துவிட்டால் நேரம் தவறாமை தானாக வரும்.

உடம்பைச் சூடாக்குவதற்கு மைதானத்தைச் சுற்றி ஓடவிட வேண்டாம். பிள்ளைகளுக்காகவே ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ் என்று ஒரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. 7 முதல் 13 வயது வரைக்கானது, ஏழு பயிற்சிகள். ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து நிலையாக இறங்குவது, சரியாக விழுவது, இப்படி. ஐரோப்பாவில் பல நாட்டுக் குழந்தைகள் அணிகளில் செய்து பார்த்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கால் மணி நேரம் போதும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது விழுந்து உருளும் பயிற்சி. நம் மைதானங்கள் கெட்டித் தரை. கையை ஊன்றி விழும் பிள்ளைக்கு மணிக்கட்டு உடையும், தோளில் உருளத் தெரிந்தவன் தூசியைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவான்.

இப்போது முக்கியமான பகுதி. பந்து வருவதற்கு முன்பே சுற்றிப் பார்ப்பதைச் சொல்லித்தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நார்வேயின் கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் நடுக்கள ஆட்டக்காரர்களின் காணொளிகளை ஆராய்ந்து பார்த்தார். பந்து வருவதற்கு முன் அடிக்கடி தலையைத் திருப்பிப் பார்த்தவர்களின் பாஸ்கள் அதிகமாகச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்காகப் பிள்ளையிடம் "தலையைத் திருப்பு, தலையைத் திருப்பு" என்று சொன்னால் அது கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டும், எதையும் பார்க்காது. பார்த்தால் லாபம் என்று ஆட்டமே சொல்லவேண்டும்.

25 அடி வைத்து நீளம், 20 அடி வைத்து அகலம், நீங்கள் எட்டி நடக்கும் காலடிக் கணக்கில் ஒரு செவ்வகம். நான்கு மூலைக்கும் பக்கத்தில் செருப்பால் இரண்டடி அகலத்தில் ஒவ்வொரு கோல். மூன்றுக்கு மூன்று. ஒவ்வொரு அணிக்கும் அடிக்க இரண்டு கோல், காக்க இரண்டு கோல். கோல்கீப்பர் கிடையாது. ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மன் பயிற்சியாளர் பரப்பிய வடிவம் இது. ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து மிகச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டமே நான்கு குட்டி கோல்களோடு இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று ஆகிவிட்டது.

முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் ஒரே கோலை நோக்கி முட்டி மோதுவார்கள். விடுங்கள், வாயைத் திறக்காதீர்கள். நாலாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை முட்டிய இடத்திலிருந்து பின்னால் திரும்பி, காலியாகக் கிடக்கும் இன்னொரு கோலைப் பார்க்கும். அப்போது விசில் அடித்து அரை நிமிடம் நிறுத்துங்கள்.

"நில்லு பாப்பா. இந்தப் பக்கம் எத்தனை பேர்?"

"நாலு பேர் சார்."

"அந்தப் பக்கம்?"

அவள் திரும்பிப் பார்ப்பாள். "யாருமே இல்ல சார்."

"இதை எப்போ பார்த்திருந்தா வசதியா இருந்திருக்கும்?"

கொஞ்சம் யோசிப்பாள். "பந்து வர்றதுக்கு முன்னாடி."

"சரி, ஆடு."

அவ்வளவுதான் பாடம். பதிலை அவளே சொன்னதால் அது அவளுடையது. நீங்கள் சொல்லியிருந்தால் அது உங்களுடையதாகவே இருந்திருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவள் ஒரு தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாலும் போதும், கைதட்டுங்கள். கோல் விழுந்ததற்காகத் தட்டாதீர்கள், பார்த்ததற்காகத் தட்டுங்கள். எதற்காகத் தட்டினீர்கள் என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரியும்.

ஆட்டம் ரொம்பச் சுலபமாக இருந்தால் இடத்தைச் சுருக்குங்கள். திணறினால் இடத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது பந்து வைத்திருக்கும் அணிக்கே எப்போதும் ஆடும் ஒரு ஜோக்கரைச் சேருங்கள். ஒரு அணி ஏழு கோல் அடித்துவிட்டால் ஆளை மாற்றிப் போடுங்கள். இடம், ஆள், விதி, கோல், பந்து, நேரம் என இந்த ஆறில் ஏதாவது ஒன்றை மாற்றினால் ஆட்டம் வேறு பாடம் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

இரண்டு தொடுதலுக்குள் பாஸ் கொடுக்க வேண்டும் என்ற விதியைப் பத்து வயதுக்குள் வைக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. பார்க்க அழகாக இருக்கும், பெற்றோர்கூட மெச்சுவார்கள். ஆனால் எதிராளியை ஏமாற்றித் தாண்டும் துணிச்சல் முளைக்கிற வயது அது. அதில் கிள்ளிவிட்டால் திரும்ப முளைக்காது.

நான்காம் படி: ஒரே மாதிரி நூறு தடவையா, மாற்றி மாற்றியா?

"சார், பாஸ் சரியாக வரவேண்டுமென்றால் நூறு தடவை ஒரே மாதிரி அடிக்க வேண்டாமா?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல இரண்டு பழைய ஆய்வுகளைத்தான் நான் எடுப்பேன்.

1920-களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி சுத்தியல் அடிக்கும் தொழிலாளிகளைப் படம் பிடித்தார். நாள் முழுக்க அதையே செய்கிற கைதேர்ந்தவர்கள். சுத்தியல் ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒவ்வொரு அடியிலும் வெவ்வேறு விதமாக அசைந்தன. கைதேர்ந்தவன் ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒரே சிக்கலை ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்க்கிறான். நம் ஊர்க் கொல்லுப்பட்டறையிலும் இதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனை. கையில் டென்னிஸ் பந்தோடு மரத்தடுப்புகளை மூன்று விதமான வரிசையில் தட்டிவிட வேண்டும். ஒரு குழு ஒரு விதத்தை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கட்டிச் செய்தது. பயிற்சி நடக்கும்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துத் திரும்பச் சோதித்தபோது கலந்து செய்த குழுவுக்குத்தான் நன்றாக நினைவிருந்தது.

இதனால்தான் பயிற்சி அழகாக இருப்பதை நம்பாதீர்கள் என்கிறேன். கோன்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போகிற பிள்ளை, கோன் காலை நீட்டாது என்பதால்தான் அப்படிப் போகிறது. எதிரில் ஒரு ஆள் நின்றால் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில்தான் கற்றல் நடக்கிறது. பத்து முயற்சியில் ஆறேழு சரியாக வந்தால் அளவு சரி. பத்தும் சரியாக வந்தால் அவர்களுக்குத் தெரிந்ததையே செய்யவைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தனிப் பயிற்சி வேண்டவே வேண்டாமா? வேண்டும், கொஞ்சம். விரல் நுனியால் குத்தி அடிக்கும் பிள்ளையை ஐந்து நிமிடம் சுவருக்கு எதிரே நிறுத்துங்கள். உள்பாதத்தால் அடித்து, திரும்பி வருவதை நிறுத்தி, மறு காலால் அடிக்கட்டும். அங்கேயும் தூரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்: மூன்று அடி, எட்டு அடி, ஐந்து அடி. சுவரைப் போலப் பொறுமையான கூட்டாளி கிடையாது. வீட்டுப்பாடமாகவும் இதைத்தான் கொடுப்பேன், பக்கத்து வீட்டுச் சுவராக இல்லாதவரை.

ஐந்தாம் படி: வாயை எப்போது திறப்பது, எப்படித் திறப்பது

பிள்ளையின் காலில் பந்து இருக்கும்போது ஓரத்திலிருந்து "பாஸ் பண்ணு! அடி! அடி!" என்று கத்துவதை விட்டுவிடுங்கள். கத்துகிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை எடுக்கவேண்டிய முடிவை நாம் பறித்துக்கொள்கிறோம். ஒரு வருடம் அப்படியே நடந்தால் பந்து கிடைத்ததும் பிள்ளை முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கும். நானே ஒரு பையனை அப்படி ஆக்கிவைத்திருந்தேன். அவன் பார்வை பந்தை விட்டு என் பக்கம் வருவதைக் கவனித்த நாளிலிருந்து, ஆட்டம் நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகினேன்.

திருத்தம் சொல்லும்போது உடம்பைப் பற்றிச் சொல்லாமல், பந்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள். "கணுக்காலை இறுக்கு, இடுப்பைத் திருப்பு" என்றால் பிள்ளை தன் உடம்பையே யோசித்துக் கட்டையாகிவிடும். "பந்து அந்த இரண்டு செருப்புக்கு நடுவே தரையோடு தரையாகப் போகட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், கணுக்கால் தானே இறுகும். காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல விளையாட்டுகளில் இதைக் காட்டியிருக்கிறார். உடம்பின் அசைவில் கவனம் வைப்பதைவிட அந்த அசைவின் விளைவில் கவனம் வைத்தால் நன்றாக வருகிறது.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம். குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் கண்ணுக்கு நேராக, பெயர் சொல்லிச் சொல்லுங்கள். செய்து காட்ட வேண்டுமானால் நீங்கள் காட்டுவதைவிட அவர்களில் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். "என்னால முடியாது" என்று நினைக்கும் பிள்ளைக்கு, தன் உயரமே இருக்கும் ஒருத்தி செய்வதுதான் நம்பிக்கை தரும்.

தண்டனைக்கு இரண்டு ரவுண்டு ஓடவிடுவது நம் ஊரில் பழகிப்போனது. கால்பந்தில் ஓடுவதுதான் பாதி வேலை. அதையே தண்டனையாக்கினால் ஓட்டத்தை யார் விரும்புவார்கள்? அடிப்பது, எல்லோர் முன்னாலும் கேலி பேசுவது இரண்டும் அறவே கூடாது. ரொம்பச் சேட்டை செய்தால் இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து, அப்புறம் நீங்களே கூப்பிட்டு உள்ளே அனுப்புங்கள்.

ஆறாம் படி: பெண் பிள்ளைகள் வர வழி செய்யுங்கள்

கடலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்க்காரர். முன்களத்தில் ஆடும் சந்தியா ரங்கநாதன் இந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2018-இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டத்தை எடுத்தபோது அந்த அணியில் இந்துமதியும் இருந்தார். திறமைக்குக் குறைவில்லாத மண் இது. பெண் பிள்ளைகள் பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஆட்டம் காரணமாக இருப்பதில்லை.

சுத்தமான கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியிலோ வீட்டிலோ பேசி வையுங்கள். இருட்டுவதற்குள் வீடு சேரும்படி நேரம் வையுங்கள். ஒரு அம்மாவோ அக்காவோ எப்போதும் மைதானத்தில் இருக்கட்டும். தொளதொளவென்ற டிராக் பேன்ட் போட்டு ஆடவேண்டுமென்றாலும் ஆடட்டும், அரைக்கால் சட்டை கட்டாயமில்லை. பன்னிரண்டு வயது வரை ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். ஆனால் அணி பிரிக்கும்போது கடைசியாக ஒரு பெண் பிள்ளை மட்டும் யாரும் எடுக்காமல் நிற்கும் நிலையை வரவிடாதீர்கள். அதற்கு வழி, நீங்களே பிரித்துவிடுவது.

ஏழாம் படி: போட்டி நாள்

எல்லோரும் சம நேரம் ஆட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குள் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். கையில் கடிகாரம் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கோல்கீப்பரும் சுழற்சியில் வரட்டும். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் மாதிரி, குறைந்த ஆள்களோடு சின்ன மைதானத்தில் ஆடும் போட்டிகளைத் தேடுங்கள். பெரிய மைதானத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று ஆடவைத்தால், ஓரத்தில் நிற்கும் எட்டு வயதுப் பையன் காற்றாடி பார்த்துக்கொண்டிருப்பான்.

தலையால் முட்டும் பயிற்சி சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடை செய்தார்கள். இங்கிலாந்தில் 2020 பிப்ரவரியிலிருந்து தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கூடாது என்று வழிகாட்டினார்கள். தலையில் பலமாக அடிபட்ட பிள்ளை, "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னாலும் அன்றைக்கு ஆடக்கூடாது. வாந்தி, மயக்கம், கடுமையான தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம் ஏதாவது தெரிந்தால் உடனே மருத்துவமனை.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். கேட்டால்தான் தருவேன் என்று இருக்காதீர்கள். ஆட்டத்தின் சூட்டில் பிள்ளை கேட்காது. வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சைத் தண்ணீரும் நல்லது. ஆட்டத்துக்கு முன் பஜ்ஜி, போண்டா வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்பாக ஒரு வாழைப்பழம், இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். முடிந்ததும் வேகவைத்த வேர்க்கடலை, நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்?

பெற்றோரிடம் சீசன் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஓரத்திலிருந்து கைதட்டலாம், பெயர் சொல்லி உற்சாகப்படுத்தலாம், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கத்தவேண்டாம். வண்டியில் வீட்டுக்குப் போகும்போது "ஏன் அந்த கோலை விட்ட?" என்று கேட்க வேண்டாம். "இன்னிக்கு என்ன புதுசா செஞ்சு பார்த்த?" என்று கேட்கட்டும். பேசப் பிடிக்காத நாளில் பிள்ளை சும்மா வரட்டும்.

எட்டாம் படி: எட்டு வாரத்துக்கு ஒரு திட்டம், ஒரு நோட்டு

வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்தால் முதல் இரண்டு வாரம் பந்தோடு பழகுவது, அதாவது ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. அடுத்த இரண்டு வாரம் நான்கு கோல் ஆட்டம், சுற்றிப் பார்ப்பது. ஐந்து, ஆறாம் வாரத்தில் பந்தை இழந்ததும் என்ன செய்வது என்று பாருங்கள். பறிகொடுத்த ஐந்து வினாடிக்குள் திரும்பப் பிடித்தால் இரண்டு கோல் என்று விதி வையுங்கள், பாடம் தானே நடக்கும். கடைசி இரண்டு வாரம் முதலில் ஆடியதற்கே திரும்புங்கள். மறந்துவிட்டார்கள் என்று தோன்றும், இரண்டாம் நாளில் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும். மறந்ததைத் தேடி எடுக்கும் அந்த உழைப்புதான் அதை நிலைக்க வைக்கிறது.

ஒவ்வொரு நாளும் பந்துகளை எண்ணிப் பையில் போட்ட பிறகு நோட்டை எடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இன்று யார் சிரிக்காமல் வீட்டுக்குப் போனார்? யாருடைய பெயரை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை? எந்த ஆட்டத்தில் பிள்ளைகள் அதிக நேரம் சும்மா நின்றார்கள்?

இரண்டாவது கேள்வியில் உங்களுக்கு ஒரு பெயர் அகப்படும். பெரும்பாலும் சேட்டையும் செய்யாத, கோலும் அடிக்காத, கடைசியில் செருப்பை எடுத்து அடுக்கி வைத்துவிட்டுப் போகிற பிள்ளையாக இருக்கும். அடுத்த பயிற்சியில் விசில் ஊதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் போய், "இன்னிக்கு எந்த ஆட்டத்துல தொடங்கலாம்?" என்று கேளுங்கள்.